பனிக்காலத்தில் கார் கழுவுவது எப்படி: பெயின்டில் கீறல் விழாமல் உப்பையும் சேற்றையும் நீக்கும் முறை

காரிலிருந்து இறங்கும்போது கதவுக்குக் கீழே இருக்கும் பட்டையில் கால் உரசி, கறுப்புப் பேன்டில் கெண்டைக்கால் உயரத்தில் சாம்பல் வெள்ளையாக ஒரு கோடு விழும். பனி கொட்டும் ஊர்களில் கார் ஓட்டுகிறவர்களுக்கு இந்தக் கோடு நன்றாகவே பழக்கம். சாலையில் தூவிய உப்பும் மணலும் டயர் வாரியடித்த சேறும் கலந்த கலவை அது. பேன்டைத் துவைத்துவிடலாம். கார் முழுக்க அப்பிக் கிடக்கும் அதே கலவையை என்ன செய்வது? பலர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். 'குளிர் போகட்டும், பார்த்துக்கொள்ளலாம்' என்று மூன்று நான்கு மாதம் அப்படியே விட்டுவிடுகிறார்கள். அல்லது ஒரு ஞாயிற்றுக்கிழமை மனசு கேட்காமல் வாளியும் ஸ்பாஞ்சுமாகப் போய், பரபரவென்று தேய்த்துவிட்டு, கை விறைத்துப்போய் உள்ளே ஓடி வருகிறார்கள். முதலாவது துருவில் முடியும், இரண்டாவது கீறலில்.

நான் இரண்டையுமே செய்தவன். இன்னும் கூச்சத்தோடு சொல்ல வேண்டுமானால், ஒரு வருடம் பானெட்டில் குவிந்திருந்த பனியை வீட்டுத் துடைப்பத்தாலேயே தள்ளினேன். குளிர்காலம் முழுக்க ஒன்றும் தெரியவில்லை. வெயில் நன்றாக அடித்த முதல் நாளில்தான் பானெட் முழுக்க, துடைப்பம் போன திசையிலேயே, நேர்நேராகக் கோடுகள் தெரிந்தன. குளிர் என் காரை ஒன்றும் செய்யவில்லை, நான்தான் செய்திருந்தேன். இந்த வழிகாட்டியில் வரும் ஒவ்வொரு படியும் அதைச் சுற்றியே வருகிறது: அழுக்கைத் தண்ணீரும் நுரையும் எவ்வளவு தூரம் எடுத்துக்கொண்டு போகுமோ அவ்வளவு தூரம் போகவிட்டு, கையைக் கடைசியில் வைப்பது.

கீறல் விழுவது எங்கே?

கார் உடம்பின் தகட்டுக்கு மேல் பிரைமர் எனப்படும் அடிப்பூச்சு, அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே கிளியர் கோட் எனப்படும் நிறமில்லாத பூச்சு. தொழிற்சாலையில் பூசிய எல்லா அடுக்குகளையும் சேர்த்தால் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான் இருக்கும் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்). அதில் கிளியர் கோட் மட்டும் சுமார் 35 முதல் 50 மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமனைவிடக் குறைவு. காரின் பளபளப்பு முழுக்க அந்த மெல்லிய படலத்தில்தான் இருக்கிறது.

மணல் துகள் கிளியர் கோட்டைவிடக் கடினமானது. துகள் சும்மா உட்கார்ந்திருக்கும் வரை தொல்லையில்லை. அதன்மேல் துணியை வைத்து அழுத்தி இழுத்தால் போதும், கோடு விழுந்துவிடும். வெயிலிலோ தெருவிளக்கிலோ சிலந்திவலை போல வட்டவட்டமாகத் தெரிகிறதே, அது ஆயிரக்கணக்கான மெல்லிய கீறல்கள் சேர்ந்த தோற்றம். பாலிஷ் போட்டு எடுக்கலாம், ஆனால் பாலிஷ் என்பதே கிளியர் கோட்டைச் சில மைக்ரான் சீவி எடுப்பதுதான். வருடா வருடம் சீவிக்கொண்டிருக்க அங்கே சரக்கு கிடையாது.

உப்பின் கதை வேறு. முழுசாக இருக்கும் பெயின்டை உப்பு அவ்வளவு சீக்கிரம் ஒன்றும் செய்துவிடாது. கல் தெறித்துப் பெயின்ட் பெயர்ந்த புள்ளிகள், மடிப்புகள், கீழ்ப்பக்கத்து வெல்டிங் இணைப்புகள், இவைதான் அதற்கு வாசல். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். துருப்பிடிப்பது ஒரு மின்வேதி வினை, அதாவது மின்னோட்டத்தோடு சேர்ந்து நடக்கும் வேதி வினை என்பதால் துரு வேகம் பிடிக்கிறது. சாதாரண சாலை உப்பான சோடியம் குளோரைடு, குளிர் −9 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் பனியை உருக்கத் திணறும். அதனால் கடுங்குளிரில் கால்சியம் குளோரைடு, மக்னீசியம் குளோரைடு ஆகியவற்றையும் பயன்படுத்துகிறார்கள். இவை காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மழையே இல்லாத நாளிலும் காரின் அடிப்பக்கம் பிசுபிசுவென்று ஈரமாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 'வாளியில் சமையல் சோடா கலந்தால் உப்பு முறிந்துவிடும்' என்று ஓர் அறிவுரை சுற்றிக்கொண்டிருக்கிறது. சோடா அமிலத்தை முறிக்கும். சாலை உப்பு அமிலம் இல்லையே, எதை முறிப்பது? உப்பைக் கரைத்து வெளியேற்ற நிறையத் தண்ணீர் வேண்டும், அவ்வளவுதான்.

நாள் பார்ப்பது

வெப்பநிலை குறைந்தது 4, 5 டிகிரி இருக்கும் நாளாகப் பாருங்கள். காலை 10 மணிக்கு மேல் ஆரம்பித்து, மாலைக் குளிர் இறங்குவதற்குள் கார் காய்ந்திருக்க வேண்டும். காற்று பலமாக அடிக்கும் நாள் வேண்டாம். தண்ணீர் பட்ட இடம் காற்றில் சட்டென்று குளிர்ந்துவிடும்.

வானிலைச் செயலி 3 டிகிரி என்று காட்டினாலும் கார் தகடு அதே சூட்டில் இருக்கும் என்று நம்ப வேண்டாம். மேகமில்லாத இரவில் தகடு தன் வெப்பத்தை வானத்தை நோக்கி விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும். காற்று உறைநிலைக்கு மேலே இருந்தும் கூரையில் மட்டும் உறைபனி படிவது இதனால்தான். நான் ஒரு சின்னச் சோதனை செய்வேன். ஒரு டம்ளர் தண்ணீரை நிழல்பக்கத்துக் கதவின் கீழ்ப்பகுதியில் ஊற்றிவிட்டு இரண்டு நிமிடம் நிற்பேன். தண்ணீர் வழிந்து ஓடினால் சரி. விளிம்பில் கண்ணாடி மாதிரி ஒரு படலம் கட்ட ஆரம்பித்தால் அன்றைக்குக் கடையைக் கட்டிவிட வேண்டியதுதான்.

எவ்வளவு நாளைக்கு ஒரு முறை? உப்புத் தூவும் சாலையில் தினமும் ஓடும் காருக்கு 10 நாள் முதல் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. கடும் பனி பெய்து, சாலைக்கு உப்பு போட்டு, பிறகு சாலை காய்ந்த பின் கழுவுவது நல்ல சமயம். மறுநாளே பனி வரப்போகிறது என்றால் பொறுத்திருங்கள். அப்புறம், சூடான கராஜில் உப்புக் காரைக் கழுவாமல் நிறுத்தி வைப்பது நாம் நினைப்பதற்கு நேர்மாறாக வேலை செய்யும். உறைநிலைக் குளிரில் துரு மெதுவாகத்தான் நடக்கும். உள்ளே கொண்டுவந்து கதகதப்பாக்கினால் பனி உருகி உப்போடு சேர்ந்து துருவும் சுறுசுறுப்பாகிவிடும். கராஜ் சூடாக இருந்தால் அடிக்கடி அலசியாக வேண்டும்.

கையில் என்னென்ன வேண்டும்?

இரண்டு வாளி, அவற்றின் அடியில் போடும் சல்லடைத் தட்டு, நீளமான இழைகள் கொண்ட மைக்ரோஃபைபர் கையுறை இரண்டு, சக்கரத்துக்கென்று தனியாக ஒரு பிரஷ், கார் ஷாம்பு, நன்றாகத் தண்ணீர் உறிஞ்சும் பெரிய மைக்ரோஃபைபர் டவல் இரண்டு மூன்று. பிரஷர் வாஷரும் (தண்ணீரை அழுத்தத்தோடு பீய்ச்சும் மெஷின்) நுரை பீய்ச்சும் குப்பியும் இருந்தால் வேலை பாதியாகும். இல்லாவிட்டால் சாதாரண ஹோஸும் கையால் அழுத்தும் ஸ்ப்ரேயரும் போதும்.

ஸ்பாஞ்சை விட்டுவிடச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்பாஞ்சின் முகம் தட்டையானது. மணல் அதற்கும் பெயின்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு கூடவே இழுபடும். மைக்ரோஃபைபர் கையுறையின் இழைகளுக்கு நடுவே துகள் உள்ளே போய் ஒளிந்துகொள்ள இடம் உண்டு. பாத்திரம் துலக்கும் திரவமும் வேண்டாம். எண்ணெய்ப் பசையை எடுப்பதற்கென்றே செய்தது அது, பெயின்டின் மேல் இருக்கும் மெழுகையும் சேர்த்து எடுத்துவிடும். குளிர்காலத்தில் அந்த மெழுகுதான் நம் பக்கம் இருக்கும் ஒரே ஆள்.

வாளித் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும், கை வைத்தால் இதமாகத் தெரிகிற அளவுக்கு. ஷாம்பு நன்றாகக் கரையும், விரலும் விறைக்காது. கொதிநீர் கூடவே கூடாது. குளிர்ந்து கிடக்கும் முன்கண்ணாடியில் வெந்நீரை ஊற்றினால், ஏற்கெனவே கல் பட்டு ஒரு சின்னப் பிளவு இருக்கும் இடத்திலிருந்து விரிசல் ஓடிவிடும். தண்ணீர் உறையாமலிருக்க வாளியில் உப்பையோ ரேடியேட்டர் திரவத்தையோ கலப்பவர்களும் இருக்கிறார்கள். உப்பை நீக்க உப்பா? ரேடியேட்டர் திரவத்தில் பெரும்பாலும் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் நாய், பூனைக்கு நஞ்சு. தரையில் சிந்தினால் அதன் இனிப்புக்கே நாய் வந்து நக்கிவிடும்.

கைக்கு: உள்ளே மெல்லிய கம்பளி உறை, அதன்மேல் ரப்பர் உறை. கை விறைத்தால் அவசரம் வரும், அவசரம் வந்தால் அழுத்தித் தேய்ப்போம். அதனால் இதைப் பெயின்ட் பாதுகாப்புச் சாமான் என்றே கணக்கில் வையுங்கள்.

இடத்தைப் பற்றி இரண்டே வார்த்தை. கழுவிய தண்ணீர் போய் நிற்கும் இடம் இரவில் உறைந்து, மறுநாள் காலை யாரையாவது வழுக்கி விழ வைக்கும். நடைபாதைப் பக்கம் ஓடாதபடி காரை நிறுத்துங்கள். சோப்புத் தண்ணீரை மழைநீர் வடிகாலில் விடக் கூடாது என்று பல ஊர்களில் சட்டமே இருக்கிறது. உங்கள் ஊர் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 1: பனியை இறக்குவது

காரின் மேல் பனி இருந்தால் முதலில் அது போக வேண்டும். தூள்பனியாக இருந்தால் பஞ்சு போன்ற ஃபோம் தலை கொண்ட பனித்தள்ளியால் தள்ளலாம். அப்போதும் பெயின்ட் தெரியும் வரை தள்ளக் கூடாது. கடைசி ஒன்றிரண்டு சென்டிமீட்டரை அப்படியே விட்டுவிடுங்கள். உறைந்த அழுக்கு அந்தக் கடைசி அடுக்கில்தான் இருக்கிறது.

இறுகிய பனிக்கட்டியைப் பெயின்டிலிருந்து சுரண்டவே வேண்டாம். பிளாஸ்டிக் சுரண்டி கண்ணாடிக்கு மட்டும். இன்ஜினை ஓடவிட்டு ஹீட்டரைப் போட்டால் கண்ணாடியில் இருப்பது தளர்ந்துவிடும். உடம்பில் இருப்பதைக் கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீர் இளக்கிவிடும். மூடிய கராஜுக்குள் மட்டும் இன்ஜினை ஓடவிடாதீர்கள், அந்தப் புகை ஆளைக் கொல்லும். மட்கார்டுக்குள் டயருக்குப் பின்னால் தொங்கும் கறுப்புப் பனிக்கட்டியை உதைத்துத் தள்ளுவது பலருக்கு ஒரு சந்தோஷம். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறையும் குளிரில் நொறுங்கும் தன்மையோடு இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு உதையுங்கள். தண்ணீரால் இளக்குவதே உத்தமம்.

படி 2: அடியிலிருந்து ஆரம்பிப்பது

வெயில்காலத்தில் கூரையிலிருந்துதான் ஆரம்பிப்போம். குளிர்காலத்தில் நான் கீழேயிருந்து ஆரம்பிக்கிறேன். உப்பு முக்கால்வாசி அங்கேதான் இருக்கிறது. தவிர, மேலே சுத்தம் செய்த பிறகு அடியைப் பீய்ச்சினால் சேறு மறுபடியும் கதவில் தெறிக்கும்.

ஹோஸை மட்கார்டுக்குள் விட்டு, டயருக்கு மேலே இருக்கும் வளைவின் விளிம்பை உட்பக்கமாக அலசுங்கள். விரலை வளைத்து அந்த விளிம்பின் மடிப்புக்குள் தடவிப் பார்த்தால் ஈரமண் கெட்டியாக அடைந்திருப்பது தெரியும். மாதக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும் இந்த மண்தான் மட்கார்டு விளிம்பில் முதலில் துரு கிளம்பக் காரணம். பிறகு கதவுக்குக் கீழே ஓடும் பட்டையின் அடிப்பக்கம், ஜாக்கி வைக்கும் இடங்கள், பின் பம்பரின் உட்புறம். கதவைத் திறந்தால் அடி விளிம்பில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். உள்ளே இறங்கும் தண்ணீர் வெளியேறுவதற்கான வழி அவை. சேற்றால் அடைத்திருந்தால் ஒரு பிளாஸ்டிக் குச்சியால் திறந்துவிடுங்கள்.

அடிப்பக்கம் முழுவதையும் அலச, புல்வெளிக்குத் தண்ணீர் தெளிக்கும் தட்டையான ஸ்பிரிங்கிளரைக் காருக்கு அடியில் வைத்துப் பத்து நிமிடம் ஓடவிடலாம். அழுத்தம் குறைவுதான், ஆனால் உப்பு கரையக்கூடிய பொருள். அதற்கு வேண்டியது அடியல்ல, தண்ணீரும் நேரமும்.

படி 3: முதல் அலசல்

இப்போது மேலிருந்து கீழாக. பிரஷர் வாஷராக இருந்தால் தண்ணீர் 40 டிகிரி விரியும் நாசிலை (பீய்ச்சும் முனையை) போடுங்கள். நிறம் வைத்து அடையாளம் காட்டும் நாசில்களில் அது பெரும்பாலும் வெள்ளை. 25 டிகிரி பச்சை. சக்கரத்துக்கு அதைப் பயன்படுத்தலாம். மஞ்சளும் சிவப்பும் காருக்கு வேண்டாம். சிவப்பில் தண்ணீர் ஊசி போல ஒரே புள்ளியில் பாயும். வீட்டு உபயோக மெஷினின் அழுத்தம் 1,200 முதல் 1,900 பிஎஸ்ஐ (அழுத்தத்தை அளக்கும் அலகு) வரை இருந்தால் தாராளம். நாசிலுக்கும் பெயின்டுக்கும் நடுவே 30 சென்டிமீட்டருக்குக் குறையாத இடைவெளி வேண்டும்.

கல் தெறித்துப் பெயின்ட் பெயர்ந்த இடத்தில் மட்டும் கூடுதல் கவனம். பானெட்டின் முன் விளிம்பில் இப்படிப் புள்ளிகள் நிறைய இருக்கும். பெயர்ந்த விளிம்புக்கு அடியில் புகுமாறு சாய்வாகத் தண்ணீரைப் பாய்ச்சினால் உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் உரிந்து வந்துவிடும். அங்கே தள்ளி நின்று நேராக மேலே விழுமாறு மென்மையாக அலசுங்கள். கதவுப் பூட்டுத் துளை, கதவு ரப்பரின் சந்து, பெட்ரோல் மூடி, மின்சார காரானால் சார்ஜ் மூடி ஆகியவற்றை நோக்கி நேராகப் பீய்ச்ச வேண்டாம். உள்ளே போகும் தண்ணீர் இரவில் உறைந்து காலையில் மூடி திறக்காது.

படி 4: நுரையை ஊறவிடுவது

மொத்த வேலையில் பெயின்டைக் காப்பாற்றும் படி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். அடிப்பிடித்த பாத்திரத்தை யாரும் எடுத்த எடுப்பில் சுரண்டுவதில்லை, ஊறப்போடுவோம். இங்கேயும் அதே கணக்கு.

நுரைக் குப்பியில் ஷாம்பு கலந்து கார் முழுக்கப் போர்த்துவது போல அடியுங்கள். கீழ்ப்பகுதியில் அழுக்கு அதிகம், அங்கே கூடுதல் நேரம் ஊற வேண்டும் என்பதால் கீழிருந்து மேலாக அடிப்பது என் பழக்கம். ஐந்து நிமிடம் விடுங்கள். அருகில் போய்க் கதவின் கீழ்ப்பகுதியைப் பாருங்கள். வெள்ளை நுரை மெல்ல மெல்லப் பழுப்பாகி, கோடு கோடாகக் கீழே இறங்கிக்கொண்டிருக்கும். அந்தக் கோடு ஒவ்வொன்றும் உங்கள் கையுறைக்கு அடியில் வராமல் தப்பித்த மணல். நுரை மட்டும் காய்ந்துவிடக் கூடாது. காற்று அடித்தாலோ, இப்போதுதான் ஓட்டி வந்த காரின் பானெட் சூடாக இருந்தாலோ சீக்கிரம் காயும். அப்படியானால் மூன்று நிமிடத்திலேயே அலசிவிடுங்கள். பானெட்டை ஆறவிட்டு ஆரம்பிப்பது இன்னும் நல்லது.

மேலிருந்து கீழாக நன்றாக அலசிவிட்டுப் பாருங்கள். கீழ்க் கதவில் இன்னும் சொரசொரப்பான அழுக்கு தெரிந்தால் மறுபடி ஒரு தடவை நுரை. ஐந்து நிமிடம் மிச்சம் பிடிக்க நினைத்துக் கையுறையை எடுத்தால் முதலுக்கே மோசம்.

குப்பி இல்லாதவர்கள் தோட்டத்து ஸ்ப்ரேயரில் வெதுவெதுப்பான ஷாம்புத் தண்ணீரை நிரப்பித் தெளிக்கலாம். நுரை குவியாது, ஆனால் ஊறுவதற்கு நுரையின் அழகு அவசியமில்லை.

படி 5: சக்கரம்

சக்கரத்துக்குத் தனி வாளி, தனி பிரஷ், தனித் துணி. பிரேக்கிலிருந்து உதிரும் இரும்புத் தூள் அங்கே படிந்திருக்கும். அதே துணி கதவுக்குப் போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

படி 6: கையால் கழுவுவது

ஒரு வாளியில் ஷாம்புத் தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். கையுறையை ஷாம்பு வாளியில் முக்கி, கூரையில் வையுங்கள். கையின் எடையே போதும், அழுத்த வேண்டாம். வட்டம் போடாமல் நேர்க்கோட்டில் இழுங்கள். தப்பித் தவறிக் கீறல் விழுந்தாலும் ஒரே திசையில் இருக்கும் கோடு, எல்லாப் பக்கத்திலிருந்தும் வெளிச்சத்தைச் சிதறடிக்கும் வட்டத்தைப் போல உறுத்தாது.

கூரையில் பாதி முடிந்ததும் கையுறையை வெறும் தண்ணீர் வாளியில் போட்டு, அடியில் இருக்கும் சல்லடைத் தட்டில் இரண்டு தேய் தேயுங்கள். மணல் தட்டுக்குக் கீழே இறங்கிவிடும். பிழிந்துவிட்டு மறுபடி ஷாம்பு. ஒவ்வொரு பகுதிக்கும் இதே சுற்று. வேலை முடிந்து வெறும் தண்ணீர் வாளியின் அடியைப் பார்த்தால் கறுப்பாக ஒரு கைப்பிடி மணல் கிடக்கும். முன்பு ஒற்றை வாளியில் கழுவியபோது இந்த மணலைத்தான் திரும்பத் திரும்பக் காருக்கே தேய்த்துவிட்டிருக்கிறோம்.

வரிசை: கூரை, கண்ணாடிகள், பானெட், டிக்கி மூடியின் மேல்பக்கம், கதவுகளின் மேல் பாதி. இங்கே நிறுத்தி, இரண்டாவது கையுறையை எடுங்கள். கதவுகளின் கீழ்ப் பாதி, பம்பர்கள், காரின் பின்புறம் எல்லாம் அதற்கு. பின்புறம் எப்போதும் கடைசி. ஓடும் காருக்குப் பின்னால் சுழலும் காற்று சேற்றுத் தூளை அங்கேதான் கொண்டுபோய் அப்புகிறது. கையுறை கீழே விழுந்தால் உதறிவிட்டுத் தொடர வேண்டாம். அன்றைக்கு அதற்கு ஓய்வு.

குளிர்நாளில் முழுக் காருக்கும் ஷாம்பு போட்டுவிட்டுக் கடைசியில் அலசலாம் என்று நினைக்காதீர்கள். இரண்டு பகுதி கழுவியதும் அலசிவிடுங்கள். வாளித் தண்ணீர் ஆறிவிட்டால் மாற்றிக்கொள்ளுங்கள்.

கழுவும்போது எங்கேயாவது கை வழுக்காமல் சரக்கென்று சொரசொரத்தால் உடனே எடுத்துவிடுங்கள். தாராக இருக்கும், இல்லை ஒட்டிய கட்டி. அந்த இடத்தில் ஷாம்பு நனைத்த துணியை ஒட்டி வைத்து ஊறவிடலாம். அப்படியும் போகாவிட்டால் வெயில்காலம் வரை இருந்துவிட்டுப் போகட்டும்.

படி 7: உலர்த்துவது

கடைசி அலசலுக்கு நாசில் இல்லாத வெறும் ஹோஸிலிருந்து மெதுவாக வழியவிட்டால், தண்ணீர் ஒரே படலமாகச் சேர்ந்து இறங்கி, சொட்டுகள் குறைவாக மிஞ்சும். சொட்டுகளைத் தானாகக் காய விடுவது குளிர்காலத்தில் நடக்காத காரியம், உறைந்துவிடும்.

டவலைப் பானெட்டின் மேல் விரித்து, மேலே லேசாகத் தட்டி, தூக்குங்கள். இழுத்துத் துடைக்க வேண்டாம். எங்கேயாவது ஒரு துகள் மிச்சமிருந்தாலும் ஒற்றி எடுப்பதில் கீறல் விழாது. இலை ஊதும் மின்கருவி இருந்தால் கண்ணாடி உறையின் சந்து, கைப்பிடிக் குழி, நம்பர் பிளேட்டின் பின்புறம், விளக்குகளின் ஓரம் ஆகியவற்றில் ஊதிவிடுங்கள். பக்கவாட்டுக் கண்ணாடிக்குள் ஒளிந்திருக்கும் தண்ணீர், எல்லாம் முடிந்து திரும்பிப் பார்க்கும்போது ஒரு நீண்ட கோடாக வழியும். நானும் எத்தனையோ தடவை ஏமாந்திருக்கிறேன்.

கார் ஈரமாக இருக்கும்போதே தெளித்து அலசிவிடும் பாதுகாப்புத் திரவங்கள் கிடைக்கின்றன. நீண்ட மெழுகு வேலைக்குக் குளிரில் வழியில்லாதபோது அவை கைகொடுக்கும். ஒவ்வொன்றுக்கும் குறைந்தபட்ச வெப்பநிலை உண்டு, குப்பியில் அச்சிட்டிருப்பார்கள்.

படி 8: கதவு, பூட்டு, பிரேக்

எல்லாக் கதவையும் டிக்கியையும் திறந்து, சட்டத்தையும் ரப்பரையும் துணியால் துடையுங்கள். ஒரு முறை இதை விட்டுவிட்டுத் தூங்கப் போனேன். மறுநாள் காலை கதவை இழுத்தபோது டர்ரென்று ஒரு சத்தம், ரப்பர் பட்டை ஒரு சாண் நீளத்துக்குக் கதவோடு கிழிந்து வந்தது. துடைத்த ரப்பரில் சிலிக்கான் கிரீஸ் மெல்லியதாகத் தடவினால் ஒட்டாது. பெட்ரோலியம் ஜெல்லி வேண்டாம், அது ரப்பரை நாளடைவில் உப்பச் செய்து கெடுக்கும். கதவு உறைந்தே போனால் இழுப்பதற்கு முன் உள்ளங்கையால் கதவை உள்நோக்கி நாலு பக்கமும் அழுத்துங்கள். பனிக்கட்டி நொறுங்கி விடுபடும்.

பிறகு ஐந்து பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வாருங்கள். போக்குவரத்து இல்லாத இடத்தில் பிரேக்கை நாலைந்து தடவை மென்மையாக மிதித்தால் ஈரம் காய்ந்துவிடும். டிஸ்கில் பழுப்பாகத் தெரியும் மெல்லிய துரு அதிலேயே போய்விடும். அன்றிரவு உறைகுளிர் என்றால் சமதளத்தில் நிறுத்தி, கியரில் அல்லது பார்க்கிங்கில் போட்டு, சக்கரத்துக்கு அணை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கைப் போடாமல் விடுங்கள். ஈரமான பிரேக் அப்படியே உறைந்து பிடித்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. சரிவான இடமென்றால் ஹேண்ட் பிரேக் போட்டே ஆக வேண்டும்.

ஹோஸ் பிடிக்க இடமில்லாதவர்களுக்கு

அடுக்குமாடியில் இருப்பவர்கள் கடையில் கழுவ வேண்டியதுதான். சுயசேவைக் கடையில் பிரஷர் துப்பாக்கி இருக்கும், மேலே சொன்ன முதல் நான்கு படிகளையும் அங்கேயே செய்துவிடலாம். பக்கத்தில் மாட்டியிருக்கும் நுரை பிரஷை மட்டும் தொடாதீர்கள். உங்களுக்கு முன்னால் வந்தவர் அதை வைத்துத் தன் சக்கரத்தைத் தேய்த்திருக்கலாம்.

தானியங்கிக் கடைகளில் பிரஷ் சுழலும் வகை, தண்ணீரும் ரசாயனமும் மட்டும் அடிக்கும் வகை என்று இரண்டு உண்டு. பனிக்காலத்தில் இரண்டாவதுதான் என் தேர்வு. அதன் ரசாயனம் காரமானது, மெழுகைச் சீக்கிரம் தின்றுவிடும், கீழ்க் கதவில் ஒரு மங்கல் படலத்தையும் விட்டுவிடும். இருந்தாலும் மெழுகை மறுபடி பூசலாம், கிளியர் கோட்டை அப்படி எளிதாகப் பூச முடியாது. அடிப்பக்கம் கழுவும் வசதியைக் கேட்டு வாங்குங்கள்.

அலசத் தேவையில்லாத ஷாம்பு வகை இன்னொரு வழி. ஒரு வாளித் தண்ணீரில் கொஞ்சம் கலந்து, துணியை முக்கி, பகுதி பகுதியாகத் துடைத்து உடனே உலர்த்துவது. பார்க்கிங்கிலேயே செய்துவிடலாம். ஆனால் உப்பும் மணலும் அப்பிய காரில் நேராக இதைச் செய்யக் கூடாது. முதலில் கடையில் நன்றாக அலசிவிட்டு வந்து, மிஞ்சிய மெல்லிய படலத்துக்கு மட்டும். துணியின் ஒரு மடிப்பு அழுக்கானதும் அடுத்த மடிப்புக்குப் போய்விட வேண்டும்.

பனி தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும்

இலையுதிர்காலத்தில், வெப்பநிலை 10 டிகிரிக்கு மேல் இருக்கும்போதே, காரை நன்றாகக் கழுவி நல்ல மெழுகோ சீலன்டோ (மெழுகுக்குப் பதிலான செயற்கைப் பாதுகாப்புப் பூச்சு) பூசிவிட்டால் குளிர்கால வேலை பாதி குறையும். பூச்சுள்ள பெயின்டில் அழுக்கு இறுகப் பிடிக்காது, நுரைக்கே இறங்கிவிடும். கல் பட்ட புள்ளிகளுக்கும் அப்போதே டச்சப் பெயின்ட் வைத்துவிடுங்கள். நடுக்குளிரில் புதிதாகப் புள்ளி விழுந்தால் கழுவி, நன்றாக உலர்த்தி, ஒரு பொட்டு மெழுகை வைத்து அடைத்துவிட்டால் பெயின்ட் காயும் பருவம் வரை தாக்குப்பிடிக்கும்.

தார் நீக்குவது, இரும்புத் தூளைக் கரைக்கும் திரவம் அடித்து அது ஊதா நிறமாக வழிவதைப் பார்ப்பது, பெயின்டில் ஒட்டிய துகளை எடுக்கும் களிமண் கட்டியால் தேய்ப்பது, பாலிஷ் எல்லாம் குளிர் போன பிறகு. அப்போது அடிப்பக்கத்தை இன்னொரு முறை முழுமையாக அலசிவிடுங்கள், உப்பு தூவுவதை நிறுத்தியாயிற்று என்று உறுதியான பிறகு.

சாமான்களை எடுத்து வைப்பது மட்டும் பாக்கி. கையுறைகளையும் டவல்களையும் துணி மென்மையாக்கி சேர்க்காமல் துவையுங்கள், அது இழைகளில் படிந்து தண்ணீர் உறிஞ்சும் தன்மையைக் கெடுத்துவிடும். ஹோஸைக் குழாயிலிருந்து கழற்றி, ஒரு முனையைத் தூக்கிப் பிடித்துத் தண்ணீரை முழுக்க வடித்துவிடுங்கள். பிரஷர் வாஷரிலும் தண்ணீர் இணைப்பைக் கழற்றிவிட்டு, துப்பாக்கியை அழுத்திப் பிடித்தபடி சில விநாடி ஓடவிட்டால் பம்பில் நிற்பது வெளியேறிவிடும். பிறகு அதை உறையாத இடத்தில், வீட்டுக்குள் வையுங்கள். உள்ளே நிற்கும் ஒரு கரண்டித் தண்ணீர் உறைந்தாலும் பம்பின் உடம்பு பிளந்துவிடும், அடுத்த தடவை சுவிட்சைப் போடும்போதுதான் அது தெரியவரும்.